கிளி இருக்கிற அறைக்கு எந்த ஹியூமிடிஃபையர்?

#1 · டிசம்பர் 2, காலை 9:14 · கேட்டவர்

ஒரு சாம்பல் கிளி, இரண்டு காக்கடீல் (சின்னக் கொண்டைக்கிளி). அறை 4 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் இரண்டரை. ஹீட்டர் ஓட ஆரம்பித்ததிலிருந்து ஈரப்பத மீட்டர் 34% காட்டுகிறது. காற்றில் ஈரம் ஏற்றும் மெஷின் (ஹியூமிடிஃபையர்), அல்ட்ராசோனிக் வகை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்: 4 லிட்டர் டேங்க், வாசனை எண்ணெய்க்குத் தனித் தட்டு, அயனைசர், இரவு விளக்கு. பெட்டி மேல் "செல்லப் பிராணிகளுக்குப் பாதுகாப்பானது" என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

#2 · டிசம்பர் 2, காலை 10:02

வேண்டாம்.

பெட்டியில் அதை அச்சடித்தவர் நினைத்தது நாயையும் பூனையையும். பறவையின் மூச்சு வேறு கணக்கு. அதன் நுரையீரல் நம்முடையது போல விரிந்து சுருங்காது. ஒட்டியிருக்கும் காற்றுப்பைகள் (பெரும்பாலான பறவைகளில் ஒன்பது) துருத்தி போலக் காற்றைத் தள்ள, நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடும். உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் புதுக் காற்று ரத்தத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சவ்வும் மிக மெல்லியது. ஆக்சிஜனை எவ்வளவு சாமர்த்தியமாக எடுக்கிறதோ, கூட வருகிற எதையும் அதே சாமர்த்தியத்தோடு எடுத்துக்கொள்ளும். சுரங்கத்துக்குள் கேனரியைத் தூக்கிக்கொண்டு போனது பாட்டுக் கேட்க இல்லை.

எண்ணெய்த் தட்டு: எந்த எண்ணெயும் வேண்டாம், யூகலிப்டஸும் வேண்டாம், "இயற்கை" என்று எழுதியதும் வேண்டாம். அயனைசர்: பல மாடல்களில் நுரையீரலை எரிக்கும் ஓசோன் வாயு கொஞ்சம் வெளியே வரும். தனியாக அணைக்கிற பட்டன் இல்லை என்றால் அந்த மெஷினே வேண்டாம். இரவு விளக்கு: ஒட்டுத்துணி போட்டு மறைக்கலாம், அது பெரிய விஷயம் இல்லை.

#3 · டிசம்பர் 2, காலை 10:20

ஒன்று விட்டுப்போச்சு. அந்த 34% எந்த மீட்டர் சொன்னது? ஹீட்டரோடு வந்ததா, கடிகாரத்தோடு வந்ததா? மலிவான சென்சார் 5% அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போவது சாதாரணம். மெஷின் வாங்குவதற்கு முன் உப்புச் சோதனை செய்து பாருங்கள்.

பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பு போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். உப்பு முழுக்கக் கரைந்துவிட்டால் தப்பு, மேலே தண்ணீர் தனியாக நின்றாலும் தப்பு. மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் பையில் வைத்து, காற்று உள்ளே கொஞ்சம் இருக்கும்படி இறுக்கி மூடி, வெப்பம் மாறாத இடத்தில் எட்டு மணி நேரம் விடுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75% ஆகிவிடும். பையைத் திறக்காமலே மீட்டரைப் படியுங்கள். 70 காட்டினால் உங்கள் மீட்டர் 5 குறைவாகப் படிக்கிறது.

#4 · டிசம்பர் 2, பகல் 1:45

வகைகளைப் பற்றி. கடையில் இருப்பதெல்லாம் சுற்றிச் சுற்றி நாலு வகைதான்.

விக் வகை: ஈரமான துணி அல்லது காகிதத் திரி, அதன் வழியாக ஃபேன் காற்றை இழுக்கும். தண்ணீர் ஆவியாகத்தான் வெளியே போகும், துளியாகப் போகாது. உப்பும் சுண்ணாம்பும் திரியிலேயே தங்கிவிடும். அறையில் ஈரம் ஏற ஏற ஆவியாவதும் தானே குறையும். அதனால் 80% வரை ஏற்றிவிட்டு நிற்கிற பைத்தியக்காரத்தனம் இதில் கிடையாது.

அல்ட்ராசோனிக்: அடியில் ஒரு சின்ன பீசோ தகடு, பெரும்பாலும் 1.7 மெகாஹெர்ட்ஸில் அதிர்ந்து தண்ணீரைத் துளித்துளியாக உடைத்து மேலே எறியும். கண்ணுக்குத் தெரிகிற அந்தப் புகை ஆவி கிடையாது, தண்ணீர்தான். அதனால் தண்ணீரில் கரைந்திருந்ததும் மிதந்ததும் அப்படியே காற்றில் ஏறும். துளி காய்ந்ததும் மிச்சம் தூளாக நிற்கும். மேசை மேல் வெள்ளையாகப் படிவது அதுதான்.

இம்பெல்லர்: சுழலும் தட்டு தண்ணீரைச் சிதறடிக்கும். அல்ட்ராசோனிக்கின் எல்லாக் குறையும் உண்டு, கூடவே சத்தமும்.

நீராவி வகை: கொதிக்க வைத்து ஆவியை விடும். சுண்ணாம்பு உள்ளேயே நிற்கும், கிருமி கொதிநீரில் செத்துவிடும். ஆனால் சூடு இருக்கிற எதிலும் பறவைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: உள்ளே நான்ஸ்டிக் பூச்சு உண்டா?

என் தேர்வு விக் வகை. நீராவி வகை பறவை வீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

#5 · டிசம்பர் 2, மாலை 6:30

"அல்ட்ராசோனிக் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதே, தூக்கிப் போடுவதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி ஓட்டலாம். குழாய்த் தண்ணீர் கூடாது.

#6 · டிசம்பர் 3, காலை 7:50

#4-இல் நீராவி வகையை ஒரே வரியில் தள்ளியது அவசரம். திருத்துகிறேன்.

பயம் பி.டி.எஃப்.இ. பற்றியது. டெஃப்ளான் என்று வீட்டில் சொல்கிறோமே, அதே பொருள். சுமார் 260 டிகிரிக்கு மேல் போனால் சிதைந்து, மணமே இல்லாத வாயுவை விடும். நமக்குக் காய்ச்சல் மாதிரி வந்து போகும், பறவைக்கு நிமிஷங்களில் உயிர் போகும். தண்ணீர் இருக்கும் வரை கொதிகலன் 100 டிகிரியைத் தாண்டாது, அதுவரை பிரச்சினை இல்லை. தண்ணீர் தீர்ந்து, கட்-ஆஃப் வேலை செய்யாமல் ஹீட்டர் தகடு வெறுமனே காய்ந்தால்தான் ஆபத்து. ஆக, தகடு வெறும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்து, தண்ணீர் தீர்ந்தால் தானே அணைந்தால் நீராவி வகையை ஒதுக்கக் காரணம் இல்லை. கிருமிப் பக்கம் பார்த்தால் விக்கை விட இதுவே சுத்தம்.

கேட்கும்போது கேள்வியைச் சரியாகக் கேளுங்கள். "பி.எஃப்.ஓ.ஏ. இல்லை" என்ற பதில் எதையும் சொல்லவில்லை, அது தயாரிப்பில் பயன்பட்ட வேறொரு ரசாயனம். அது இல்லாத பூச்சும் பி.டி.எஃப்.இ. பூச்சாக இருக்கலாம். "தண்ணீரையும் சூட்டையும் தொடுகிற எந்தப் பாகத்திலாவது பி.டி.எஃப்.இ. அல்லது வேறு ஃபுளூரோபாலிமர் பூச்சு உண்டா?" என்று எழுதிக் கேளுங்கள். கறுப்பாக, வழவழவென்று, "எளிதில் சுத்தம் செய்யலாம்" என்று பெருமை அடிக்கிற தகடு என்றால் பூச்சு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மீதிக் குறைகள்: வெளியே பறக்கவிடுகிற கிளி ஆவி வாயில் உட்கார்ந்தால் கால் வெந்துவிடும். கரண்டும் தின்னும். ஒரு லிட்டரை ஆவியாக்கச் சுமார் 0.7 யூனிட். அடியில் சுண்ணாம்பு ஓடு கட்டும், வாரம் ஒரு முறையாவது சிட்ரிக் அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். தண்ணீர் வழியே மின்சாரம் பாய்ச்சிக் கொதிக்க வைக்கிற எலெக்ட்ரோடு வகையும் ஒன்று உண்டு. அதில் வாலைவடிநீர் (டிஸ்டில்ட் வாட்டர்) ஊற்றினால் ஓடவே ஓடாது. உப்புச் சிட்டிகை போடச் சொல்வார்கள். ரிப்பேர் என்று நினைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள்.

#7 · டிசம்பர் 3, காலை 8:05 · கேட்டவர்

எத்தனை லிட்டர் மெஷின் வேண்டும்? பெட்டியில் "30 சதுர மீட்டர் வரை" என்கிறார்கள். என் அறை 12 தான். அப்போ சின்னதே போதுமா?

#8 · டிசம்பர் 3, பகல் 12:15

சதுர மீட்டரை விடுங்கள், காற்றைப் பாருங்கள்.

உங்கள் அறை 30 கன மீட்டர். 22 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 19.4 கிராம் நீராவி தாங்கும். 30%-இலிருந்து 50%-க்கு ஏற்ற 3.9 கிராம் வேண்டும். 30 கன மீட்டருக்கு 117 கிராம், அரைக் குவளைத் தண்ணீர். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அறை புட்டி இல்லை. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக மணிக்குப் பாதிக் காற்று மாறுகிறது என்று வைத்தால் 15 கன மீட்டர் வறண்ட காற்று உள்ளே வருகிறது. அதை ஈரமாக்க மணிக்கு 58 கிராம், நாளுக்குச் சுமார் 1.4 லிட்டர். கதவைத் திறந்து வைத்து மணிக்கு ஒரு முறை முழுக் காற்றும் மாறினால் 2.8 லிட்டர். பறவை அறையில் காற்றோட்டம் வேண்டும், ஆகவே பெரிய எண்ணை எடுங்கள்: நாளுக்கு 3 லிட்டர் தரக்கூடிய மெஷின்.

முதல் இரண்டு மூன்று நாள் இதைவிட அதிகம் குடிக்கும். மரச்சாமான், திரைச்சீலை, புத்தகம் எல்லாம் முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அப்போது "மெஷின் சரியில்லை" என்று முடிவு கட்ட வேண்டாம்.

விக் வகை அறையைக் கொஞ்சம் குளிர்விக்கும். ஆவியாகிற சூடு அறைக் காற்றிலிருந்துதான் வர வேண்டும். மணிக்கு 58 கிராமுக்கு ஏறத்தாழ 40 வாட். ஒரு பழைய குண்டு பல்பு அளவு சூட்டை அறையிலிருந்து எடுக்கிறது. ஹீட்டர் ஈடு செய்துவிடும். ஆனால் ஃபேன் காற்று நேராகக் கூண்டில் பட்டால் குளிரும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

#9 · டிசம்பர் 4, காலை 6:40

#5-இல் ஆர்.ஓ. தண்ணீர் போதும் என்றேன். #8 கணக்கை எழுதிய பிறகுதான் உறைத்தது: போதாது.

ஒவ்வொரு கன மீட்டர் காற்றுக்கும் 3.9 கிராம் தண்ணீர் சேர்க்கிறோம். அல்ட்ராசோனிக்கில் அந்தத் தண்ணீரின் உப்பு முழுவதும் அதே காற்றில் போகிறது. டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 300 என்றால் லிட்டருக்கு 300 மில்லிகிராம். 3.9 கிராம் தண்ணீரில் 1,170 மைக்ரோகிராம். அதாவது டி.டி.எஸ். எண்ணை நாலால் பெருக்கினால் அறைக் காற்றில் கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் தூசு என்ற உச்ச வரம்பு வந்துவிடும். அறை சின்னதா பெரிதா, கதவு திறந்ததா மூடியதா என்பதே இதில் வராது. காற்று அதிகம் மாறினால் தண்ணீரும் அதே அளவு அதிகம் போகிறதே! கொஞ்சம் தரையிலும் சுவரிலும் படிந்துவிடும் என்பதால் உண்மை எண் இதைவிடக் குறைவாக இருக்கும். பாதி படிந்தாலும் 600.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தந்த வழிகாட்டலில் பி.எம். 2.5 என்கிற மிக நுண்ணிய தூசுக்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். இப்போது ஆர்.ஓ.: நல்ல ஃபில்டரில் டி.டி.எஸ். 20 என்றால் காற்றில் 80. பழைய மெம்பிரேனில் 50 என்றால் 200. வாலைவடிநீர் 1 அல்லது 2 என்றால் 4 முதல் 8. அல்ட்ராசோனிக்கை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வாலைவடிநீர் மட்டும்தான், அதையும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்து 4-க்குக் கீழே இருந்தால்.

நாளுக்கு 3 லிட்டர், மாதம் 90 லிட்டர் வாலைவடிநீர். சுமந்து பார்த்தால் விக் வகை மேல் தானே அன்பு வரும்.

#10 · டிசம்பர் 4, காலை 7:05

அதோடு சேர்ந்த தப்புக் கணக்குகள், சுருக்கமாக.

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்: கிருமி போகும். சுண்ணாம்பில் ஒரு பங்கு அடியில் படியும். மீதி உப்பு அப்படியே இருக்கும். கொதித்து வற்றினால் இன்னும் செறிவாகும்.

கார்பன் ஃபில்டர் ஜாடி: குளோரின் மணம் போகும், டி.டி.எஸ். பெரிதாக இறங்காது.

வாட்டர் சாஃப்ட்னர்: கால்சியத்தை எடுத்து அதற்குப் பதில் சோடியத்தைக் கொடுக்கும். வெள்ளைத்தூள் வருவது நிற்காது. கெட்டில் சுத்தமாகிறதே என்று ஏமாற வேண்டாம்.

மெஷினோடு வரும் டீமினரலைசேஷன் (உப்பெடுக்கும்) கார்ட்ரிட்ஜ்: புதிதாக இருக்கும்போது வேலை செய்யும். தீர்ந்துபோனதைச் சொல்ல அதில் எதுவும் இல்லை. சோதிக்க, ஒரு கறுப்புக் கண்ணாடித் தட்டை மெஷினிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு நாள் வையுங்கள். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வந்தால் கார்ட்ரிட்ஜ் முடிந்தது. காக்கடீல் இருக்கிற வீட்டில் இந்தச் சோதனை குழப்பும், அதுகளே நாள் முழுக்க இறகிலிருந்து மாவு உதிர்க்கும். அப்படியென்றால் கூண்டு இல்லாத அறையில் ஓட்டிப் பாருங்கள்.

#11 · டிசம்பர் 4, இரவு 9:30 · வேறொரு வாசகர்

தண்ணீரில் நாலு சொட்டு கிருமிநாசினி போட்டால் விக், டேங்க் எல்லாம் சுத்தமாக இருக்குமே? ஹியூமிடிஃபையருக்கென்றே பாட்டிலில் வருகிறது.

#12 · டிசம்பர் 4, இரவு 10:10

போடவே கூடாது. பறவைக்கு மட்டும் இல்லை.

தென் கொரியாவில் 1994 முதல் ஹியூமிடிஃபையர் டேங்கில் கலக்கும் கிருமிநாசினி கடைகளில் விற்றது. பி.எச்.எம்.ஜி. என்ற ரசாயனம் அதில் முக்கியமான ஒன்று. தோலில் பட்டால் பெரிதாக ஒன்றும் செய்யாத பொருள் என்ற நம்பிக்கையில் அதை மூச்சில் விட்டார்கள். நுரையீரல் தழும்பேறி இறந்தவர்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உண்டு. 2011-இல்தான் தொடர்பு கண்டுபிடிக்கப்பட்டு அவை திரும்பப் பெறப்பட்டன. கழுவுவதற்கு நல்லது என்பது மூச்சுக்கு நல்லது ஆகிவிடாது.

விக் வகையில் ஆவியாகாத மருந்து திரியிலேயே நிற்கும் என்று வாதம் வரும். பாதி உண்மை. திரியின் மேல் நுனி காய்ந்தால் அங்கே படிந்த தூளை ஃபேன் ஊதி எறியும். டேங்கில் தண்ணீர் தவிர ஒன்றும் வேண்டாம். திரி வாங்கும்போதும் கிருமிநாசினி பூசாத வெறும் திரி கிடைக்கிறதா என்று பாருங்கள்.

#13 · டிசம்பர் 5, பகல் 11:20

அப்போ எப்படிச் சுத்தம் செய்வது? பறவை வீட்டில் இது மற்ற வீட்டை விட அதிகம் வேண்டும். சாம்பல் கிளி, காக்கட்டூ, காக்கடீல் மூன்றும் இறகுப்பொடி உதிர்க்கிற ஜாதி. ஃபேன் அந்தப் பொடியை இழுத்து ஈரத் திரியில் அப்பும். பொடி புரதம், பாக்டீரியாவுக்கு விருந்து. மனிதர் மட்டும் இருக்கிற வீட்டில் ஒரு வாரத்தில் வருகிற வழவழப்பு இங்கே மூன்றாம் நாள் வரும். டேங்க் அடியில் விரல் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குச் சுத்தமாக இருக்கும், விரல் வழுக்கும். வழுக்கினால் கிருமிப் படலம் பிடித்துவிட்டது.

தினம்: மிச்சத் தண்ணீரைக் கொட்டு, அலசு, துணியால் துடை, புதிதாக ஊற்று. மேலே மேலே ஊற்றுவது கூடாது. உப்பும் செறியும், படலமும் வளரும்.

மூன்று நாளுக்கு ஒருமுறை: லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம், வெதுவெதுப்பான தண்ணீர், அரை மணி நேரம். பிறகு மென்மையான பிரஷ். வினிகரும் ஆகும், ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து. ஆனால் அந்த நெடி கூண்டுப் பக்கம் போகக் கூடாது. சிட்ரிக்குக்கு நெடி கிடையாது, அதனால் அதையே சொல்வேன். பீசோ தகட்டைக் கத்தியால் சுரண்டாதீர்கள், பஞ்சுக் குச்சி போதும்.

வாரம் ஒருமுறை: 3% ஹைட்ரஜன் பெராக்சைடு, 15 நிமிஷம். அல்லது வாசனை சேர்க்காத பிளீச் 4 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, 20 நிமிஷம். இரண்டில் ஒன்று. பிளீச்சையும் வினிகரையும், பிளீச்சையும் சிட்ரிக்கையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். நடுவே நன்றாக அலச வேண்டும். மூன்று முறை அலசி, மணம் துளியும் இல்லை என்று ஆன பிறகு கவிழ்த்துக் காயவிடுங்கள். இதெல்லாம் கதவு மூடிய வேறு அறையில், ஜன்னல் திறந்து.

திரி: வெறும் தண்ணீரில் முக்கி எடுக்கலாம், பிழியாதீர்கள், கிழியும். காற்று இழுக்கும் வாயில் ஒரு மெல்லிய ஃபோம் ப்ரீஃபில்டர் இருந்தால் அதை நாளும் தட்டுங்கள். திரியின் அடி பழுப்பாகி மொடமொடத்தால், அல்லது நாறினால், மாற்றிவிடுங்கள். ஒன்று முதல் மூன்று மாதம் என்று அட்டையில் இருக்கும். இறகுப்பொடி வீட்டில் முதல் எண்ணையே நம்புங்கள்.

ஆகவே மெஷின் பார்க்கும்போது லிட்டர், ஆப், வைஃபை எல்லாம் பிறகு. டேங்க் வாய் வழியாகக் கை மணிக்கட்டு வரை உள்ளே போகிறதா? தண்ணீர் தொடுகிற ஒவ்வொரு மூலையையும் விரல் தொடுகிறதா? ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் ஃபேனும் திரியும் கழல்கிறதா? இல்லை என்றால் எவ்வளவு நல்ல மெஷினும் ஒரு மாதத்தில் கெட்ட மெஷின்.

#14 · டிசம்பர் 5, மாலை 5:00 · வேறொரு வாசகர்

அல்ட்ராசோனிக் சத்தம் கிளிக்கு மட்டும் கேட்டுத் தலைவலி தரும் என்கிறார்களே?

#15 · டிசம்பர் 5, மாலை 5:25

கேட்காது. 1.7 மெகாஹெர்ட்ஸ் வௌவாலுக்கே கேட்காது. பறவைகளின் காது பெரும்பாலும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மங்கிவிடும், நம்மைவிடக் கீழே. உள்ளே இருக்கிற சின்ன ஃபேனின் கீச்சுதான் கேட்கும். கிளி ஒரு வாரத்தில் அதைக் கற்றுக்கொண்டு திருப்பிப் பாடும், அதற்குப் பிறகு தலைவலி உங்களுக்கு.

#16 · டிசம்பர் 6, காலை 8:40

வைக்கிற இடம். கூண்டிலிருந்து குறைந்தது ஒன்றரை, முடிந்தால் இரண்டு மீட்டர். மூட்டம் தெரிகிற மெஷின் என்றால் அது எதையும் தொடுவதற்கு முன் மறைந்துவிட வேண்டும். சுவர், தரை, திரைச்சீலை நனைந்தால் மெஷினை அதிகமாக வைத்திருக்கிறீர்கள். தானியக் கிண்ணம், கூண்டுத் தட்டுக் காகிதம் ஈரமாகக் கூடாது. சோளத்தக்கை, வேர்க்கடலைத் தோல் மாதிரி அடிவிரிப்பு இருந்தால் ஈரப்பதம் ஏற்றுகிற வீட்டில் அதை எடுத்துவிடுங்கள், காகிதம் போதும். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை வளர்வது அங்கேதான், சாம்பல் கிளி அதற்குச் சீக்கிரம் இரையாகிற இனம். ஈரப்பதத்தைக் கிளியின் நலனுக்காக ஏற்றிவிட்டுப் பூஞ்சையையும் வரவழைத்தால் என்ன லாபம்?

இலக்கு 45 முதல் 55. 60-ஐத் தாண்ட விடாதீர்கள். வெளியே கடுங்குளிர் என்றால் 45-ம் அதிகமாக இருக்கலாம். 22 டிகிரி, 50% காற்றின் பனிநிலை 11 டிகிரி. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் அதைவிடக் குளிர்ந்தால் அங்கே தண்ணீர் கோக்கும். காலையில் சட்டத்தின் அடி ஓரத்தில் ஈரக்கோடு தெரிந்தால் 5% இறக்குங்கள், சட்டத்தைத் துடைத்துக் காயவிடுங்கள்.

மீட்டர் கூண்டின் உயரத்தில், மெஷினுக்கு எதிர் மூலையில். மெஷினுக்குள் இருக்கிற மீட்டர் தன் மூச்சையே அளந்துகொள்ளும், நம்ப வேண்டாம்.

ஒயர்: கிளி எட்டுகிற நீளம் முழுவதும் கெட்டிப் பைப்புக்குள். டேங்குக்கு மூடி கட்டாயம், பெரிய கிளி தூக்கி எறியக்கூடிய மூடி மூடியே இல்லை. புது மெஷினை முதல் நாள் பறவை இல்லாத அறையில் ஜன்னல் திறந்து முழுசாக ஓட்டுங்கள். பிளாஸ்டிக் நெடியும் தொழிற்சாலை எண்ணெயும் அங்கேயே போகட்டும்.

#17 · டிசம்பர் 6, காலை 9:15

ஏர் ப்யூரிஃபையர் வைத்திருப்பவர்களுக்கு: அல்ட்ராசோனிக் ஓடும்போது ப்யூரிஃபையர் திரையில் தூசு எண் எகிறும். சென்சாருக்கு நீர்த்துளியும் தூசும் ஒன்றுதான், அதனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு பதற வேண்டாம். மெஷினை அணைத்து மூட்டம் கலைந்து பத்து நிமிஷம் கழித்தும் எண் இறங்காவிட்டால் அது உப்புத் தூசு.

#18 · டிசம்பர் 7, இரவு 8:20 · கேட்டவர்

உப்புச் சோதனை செய்தேன். எட்டு மணி நேரம் கழித்து மீட்டர் 67 காட்டியது.

#19 · டிசம்பர் 7, இரவு 8:45

அப்படியென்றால் 8 குறைவாகப் படிக்கிறது. உங்கள் 34 உண்மையில் 42! ஐந்து நாளாக நாம் மெஷினுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம், மாப்பிள்ளைக்கே அவசரம் இல்லை.

42-க்கு மெஷின் தேவையே இல்லாமலும் போகலாம். காக்கடீல் ஆஸ்திரேலிய வறண்ட நிலத்துப் பறவை, 40-ஐப் பொருட்படுத்தாது. சாம்பல் கிளி மழைக்காட்டுப் பறவை, அதற்குத்தான் இன்னும் கொஞ்சம் வேண்டும். தினம் காலையில் வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரை மெல்லிய தூறலாகத் தலைக்கு மேலிருந்து விழும்படி தெளியுங்கள், முகத்தில் பீய்ச்ச வேண்டாம். இறகு அடிவரை நனைந்து, இரவுக்கு முன் காய்ந்துவிட வேண்டும். தோலுக்கும் இறகுக்கும் இது எந்த மெஷினை விடவும் நேரடியாகப் போய்ச் சேரும், இறகுப்பொடியையும் அடக்கும். தெளிப்பான் பாட்டிலையும் தினம் கொட்டிக் காயவைக்க வேண்டும், #13 அதற்கும் பொருந்தும்.

#20 · டிசம்பர் 8, காலை 7:10

நேற்று 8-ஐக் கூட்டிவிட்டது சரியா என்று யோசித்தேன். 75-இல் 8 பிசகினால் 34-இலும் அதே 8 பிசகும் என்று உத்தரவாதம் இல்லை. மலிவு சென்சார்கள் மேல் முனையில் ஒரு அளவும் கீழ் முனையில் வேறொரு அளவும் பிசகும். உங்களுக்கு வேண்டிய இடம் 40 பக்கம். உப்புக்குப் பதில் மெக்னீசியம் குளோரைடு சேறு வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள், அது 33%-இல் நிற்கும். அங்கே மீட்டர் 25 பக்கம் காட்டினால் நேற்றுச் சொன்னது சரி. 31, 32 காட்டினால் உங்கள் அறை உண்மையிலேயே வறண்டிருக்கிறது. அப்போது கை மணிக்கட்டு வரை நுழைகிற விக் வகை ஒன்று, நாளுக்கு 3 லிட்டர், வாங்கிவிடுங்கள்.

#21 · டிசம்பர் 10, மாலை 6:05 · கேட்டவர்

மெக்னீசியம் குளோரைடில் 27. அதாவது 6 குறைவு.

#22 · டிசம்பர் 10, மாலை 6:20

அறை 40. குளிப்பாட்டலோடு இரண்டு வாரம் பாருங்கள். மூக்குத் துளை ஓரத்தில் பொருக்கு, கால் தோல் உரிவது, இறகைக் கடித்துக்கொள்வது இருந்தால் விக் மெஷின். வாலை மேலும் கீழும் ஆட்டி மூச்சு விடுவது, அலகைத் திறந்தபடி மூச்சு விடுவது, குரல் மாறுவது ஆகியவை ஈரப்பதத்தால் வருவது இல்லை. அதற்கு மெஷின் தேடாதீர்கள், அன்றே பறவை மருத்துவர்.